வேலுத்தாய் பெரியம்மாவின் சுகர் கார்டு

2024 அக்டோபர் 16, புதன்.

இன்றைய பிழை: மூன்றாம் பிளாக்கில் இரண்டு சரத்தில் இளங்காயையும் சேர்த்து உருவிவிட்டேன். விளைந்த ஏலக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு இளசை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்க்கவில்லை. அவர் பார்க்காததால் நானும் சொல்லவில்லை.

மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான் எழுதி வருகிறேன். மேலே தேதி, அடுத்து அன்றைய பிழை, கடைசியில் நாளைய வேலை. வாயனசாலை என்கிற நூலகத்தின் மாடியில் பிளஸ் டூ படிக்கிற பதினோரு பேருக்கும் மிக்கேல்ராஜ் சார் சொன்ன முறை இது. மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்குக் கோடு போட்டு, நம்பர் போட்டு எழுதுவது பிடிக்கும். இன்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ரசத்தில் உப்பு கூடியது, ஜீப்பைத் தவறவிட்டது, கணக்கில் கூட்டல் மறந்தது என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஜூலை 22க்கு எதிரே ‘குடையை மறந்துவிட்டுப் போனேன்’ என்று இருக்கிறது. குடையை மறந்தது நிஜம்தான். ஆனால் அன்றைக்கு வேறொன்று செய்தேன். அதை எழுதவில்லை.

ஆனைக்கரையைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடு. பன்னிரண்டு வீடு. எட்டாம் வீடு எங்களுடையது. ஒன்பதாம் வீட்டில் காளிச்சாமி பெரியப்பாவும் வேலுத்தாய் பெரியம்மாவும் இருக்கிறார்கள். சொந்தம் கிடையாது, இரு வீட்டுக்கும் ஒரே சுவர், அதனால் பெரியப்பா, பெரியம்மா. அவர்கள் மகன் ஜெகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரியப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறார். நீள ஹோஸை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற வேலை. பெரியம்மாவும் நானும் காய் எடுப்பு. ஏலச்செடிக்குக் காய் மண்ணோடு மண்ணாகத் தூரில், செடியின் அடியில்தான் கிடக்கும். முதுகை வளைத்துத் தட்டைகளை விலக்கி, சரத்தைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். பெரியம்மா ஒரு தூரை முடிக்கும்போது நான் பாதியில் இருப்பேன். “பரீட்சைக்காரி, காய எண்ணிப் பாத்தா எடுக்கிற?” என்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மார்ச்சில் சுகர் என்று கண்டுபிடித்தார்கள். சப்-சென்டரில் வியாழக்கிழமை கிளினிக். மாத்திரை இலவசம். ஜூனில் ஆசா வர்க்கர் பின்சி சேச்சி சுகர், பிரஷர் உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு கார்டு கொடுத்தாள். நாளுக்கு இரண்டு கட்டம், காலை, இரவு. மாத்திரை போட்டதும் டிக். மாதக் கடைசியில் அவள் வந்து பார்த்து அடியில் ஒப்புப் போடுவாள், அவள் பாஷையில் கையெழுத்து. பெரியம்மாவுக்குப் பேனா பிடிக்க வராது. டிக் போடுகிற வேலை எனக்கு வந்தது. யாரும் கேட்கும் முன்பே, நான் போடுகிறேன் என்று முன்னால் போய் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதக் கிளினிக்கிலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே டாக்டர் மலையாளம்தான் பேசுவார். நான் பெரியம்மாவுக்காகப் பேசப் போனேன். எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் எட்டுப் பேர், அதில் ஆறு ஆண்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். மாத்திரையால் ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா என் காதுக்குள் சொன்னாள்:

“வயிறு நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லு. தோட்டத்துல வச்சு நாலு தடவ, அஞ்சு தடவ ஓட வேண்டியிருக்குன்னு சொல்லு.”

தோட்டத்தில் எங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஏலத்தட்டை ஆள் உயரத்துக்கு நிற்கும், மறைவு போலத் தோன்றும். உட்கார்ந்த பிறகுதான் நாலு பக்கமும் ஆள் இருப்பது தெரியும். மேலே மருந்தடிக்கிறவர்கள், கீழே கவாத்துக்காரர்கள். அவள் சொன்னது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மலையாளத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். வயறிளக்கம். ஒரே ஒரு சொல். பின்னால் இருந்த ஆறு பேரை நினைத்தேன். “குழப்பமில்ல சாரே” என்றேன், தொந்தரவு ஒன்றும் இல்லை என்று. டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பெரியம்மா, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“போகப் போகச் சரியாயிருமாம்” என்றேன்.

டாக்டர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகச் சொன்னேன். அன்றைய நோட்டில், ‘சாயாக்கடையில் மீதிப் பணத்தை எண்ணாமல் வாங்கினேன்’ என்று இருக்கிறது.

ஜூலை 21 ஞாயிறு. சுருளிவேல் வைத்தியர் ஞாயிறுதோறும் கீழே கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கம்பம்மெட்டு வழியாக வருவார். தையல்கடைக்குப் பின்னால் ஒரு அறை. அவரைப் பற்றிக் குறைவாக எழுதுவது எனக்குச் சுலபம். அது நியாயமில்லை. இரண்டு வருடம் முன்பு சரிவில் விழுந்து என் மணிக்கட்டு வீங்கியபோது அவர்தான் எண்ணெய் போட்டுக் கட்டினார். பத்து நாளில் சரியானது. கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். நான்தான் பெரியம்மாவை அவரிடம் கூட்டிப்போனேன்.

அவர் நாடி பிடித்து வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். தூக்கம் வருதா. பாதம் எரியுதா. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய். மகன் போன் பண்ணுகிறானா. கடைசியில் சாதாரணமாக, “வயித்தால போகுதாம்மா?” என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் எத்தனை நாளாகக் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்ட ஒருவரிடம் நான்தான் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறாயா என்றும் அவர் கேட்டார். பெரியம்மா முந்திக்கொண்டு, நிறுத்திட்டேன் என்றாள். அன்று காலையில்கூடப் போட்டிருந்தாள். நான் டிக் போட்டிருந்தேன். வைத்தியர் என்னையும் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

“அதான் நல்லது. ஆத்துல ஒரு காலும் சேத்துல ஒரு காலும் வைக்கப்படாது” என்றார்.

ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், இன்னும் சிலது சேர்த்த பொடி. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பிறகு பார்த்துக்கொண்டு மறுபடியும். பத்தியத்தை அவர் சொல்லச் சொல்ல நான் நம்பர் போட்டு எழுதினேன். இரவில் சோறு கூடாது, வெந்தயக் கஞ்சி மட்டும். ஐந்தாவது இது: ‘உடம்பு வேர்த்தாலும், கை நடுங்கினாலும், தலை சுற்றினாலும் பயப்பட வேண்டாம். கெட்ட நீர் இறங்குகிறது. அந்த நேரம் இனிப்பைத் தொடவே கூடாது.’ தொடவே என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டேன். அவர் போடச் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தினதும் மூன்றே நாளில் பெரியம்மாவுக்கு வயிறு சரியாகிவிட்டது. அது பொடியால் வந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவள் தூருக்குத் தூர் தாவினாள். கம்பத்திலிருந்து தினம் ஜீப்பில் வருகிற நாச்சம்மாள், “என்னக்கா, மாமன் எதும் வாங்கிக் குடுத்தாரா, இந்த ஆட்டம் ஆடுற?” என்று கேட்டாள். “வயிறு நின்னா வாழ்க்க நிக்கும்டி” என்றாள் பெரியம்மா. அன்று அவள் ஒருமுறைகூட ஓடவில்லை. அந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

ஆனால் ஜூலை 22 மாலையே அவள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். கார்டு அவர்கள் வீட்டில் முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும்.

“போட்டுட்டேன்னே போட்டுருடி. கட்டம் வெறுமனே இருந்தா உங்க பெரியப்பா என் உசுர வாங்கிருவாக. அந்தப் பின்சிப் பிள்ள வேற வந்து நின்னுக்கிட்டு கேள்வி கேக்கும்.”

போட்டேன். மறுநாளும் போட்டேன். ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை, எடுப்புச் சுற்று மும்முரமாக இருந்ததால் பெரியம்மா வரவில்லை. நான் மட்டும் கார்டைக் காட்டி மாத்திரை வாங்கி வந்தேன். அது அரிசிப்பானைக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போனது. எல்லா டிக்கும் ஒரே மூச்சில் போட்டது மாதிரித் தெரியக் கூடாது என்று சில நாள் கறுப்புப் பேனாவில் போட்டேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செப்டம்பர் 26 வியாழன், பெரியம்மாவே வர வேண்டும் என்று பின்சி சேச்சி சொல்லிவிட்டாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சுகர் 312. டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டும் இவ்வளவு ஏன் என்று கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறாளா என்றும் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஒண்ணும் இல்ல சாரே. மாத்திரை எல்லாம் கரெக்டா போடுறாங்க.”

வைத்தியரிடம் மாத்திரை இல்லை என்றோம். டாக்டரிடம் பொடி இல்லை என்றோம். இரண்டு பேருக்கும் பாதி பாதி. டாக்டர் எழுதிய சீட்டில் ஒரு மாத்திரை இரண்டானது, புதிதாக ஒன்றும் சேர்ந்தது. சாப்பிட்ட மாத்திரைக்கு அடங்காத சுகருக்கு அவர் எழுதியது அது. பெரியம்மா மாத்திரை எதையும் சாப்பிடவே இல்லை.

அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போயிருக்கும். அக்டோபர் 6 ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்த பின்சி சேச்சி வழியில் பெரியப்பாவைப் பார்த்து 312 என்று சொல்லிவிட்டாள். பெரியம்மா அவரிடம் 130 என்று சொல்லியிருந்தாள். பெரியப்பா அதிகம் பேசாத மனிதர். மறுநாள் காலை தண்ணீர்ச் சொம்போடு அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டார். மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வைத்து, “இனி என் கண்ணு முன்னால முழுங்கு” என்றார். இரவிலும் அப்படியே. அவள் மறுத்தால், இத்தனை நாள் போட்டவளுக்கு இப்போது என்ன என்று கேட்பார். அவள் முழுங்கினாள். பொடியையும் விடவில்லை. பத்தியத்தையும் விடவில்லை. இரவில் அதே வெந்தயக் கஞ்சி.

7ஆம் தேதி இரண்டு, 8ஆம் தேதி இரண்டு, 9ஆம் தேதி காலை ஒன்று. அந்த ஐந்து டிக்கும் உண்மை.

அக்டோபர் 9, புதன். காலையில் நல்ல மூடுபனி. பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டியும் குளிர் முட்டிக்கு ஏறியது. பத்து மணிக்குச் சற்று முன்னால் பெரியம்மாவின் கை சரத்தைப் பிடிக்காமல் நழுவுவதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில். நாச்சம்மாள் ஏதோ கேலி செய்தாள். பெரியம்மா பதில் சொன்னாள், சொல் குழறியது. பிறகு தூர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கண்ணு இருட்டுது பூமாரி” என்று என்னைப் பார்த்தாள்.

நாச்சம்மாள் பிளாஸ்கைத் திறந்து தம்ளரில் பால் இல்லாத கட்டஞ்சாயா ஊற்றினாள். அவள் சாயாவில் சீனி பாயசம் மாதிரி இருக்கும், நாங்கள் சிரிப்போம். “எங்க சின்ன மாமனுக்கு இப்பிடித்தான் வரும். இனிப்பு வாயில போனா அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு வம்பு பேசுவாரு” என்று பெரியம்மாவின் தலையைத் தூக்கினாள்.

நான் தம்ளரைப் பிடித்து நிறுத்தினேன்.

“வேணாம்க்கா. இனிப்பு தொடவே கூடாது. எழுதியிருக்கு.”

இடுப்புப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டு இருந்தது. எடுத்தேன். பக்கத்தைத் தேடினேன். ஐந்தாம் நம்பரை வாசித்தேன், முழுவதும், கோடு போட்ட சொல்லைக் கொஞ்சம் சத்தமாக. என் கையெழுத்து நன்றாக இருந்தது. நாச்சம்மாள் என்னைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“படிச்ச பிள்ள சொல்லுது” என்றாள்.

கெட்ட நீர் இறங்குகிறது என்று சுற்றி நின்றவர்களிடம் நான் விளக்கினேன். ஒருத்தி சேலைத் தலைப்பால் விசிறினாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்தியம் வேலை செய்கிறது என்று ஒரு திருப்தியும் உள்ளே இருந்தது. அதையும் எழுத வேண்டும். பத்து பத்துக்கு அவள் கண் மேலே செருகியது. பத்து ஐம்பதுக்கு சூப்பர்வைசர் ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பதினொன்று நாற்பது. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை குத்தினாள். சுகர் 27. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் தம்ளர் அந்தத் தூரடியில் ஆறிக்கொண்டு இருந்தது.

டிரிப் ஏறிய பிறகு கண்ணைத் திறந்தாள். இரண்டு நாள் பெரியப்பாவைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் சேர மாட்டேன் என்கிறது. காய் கிள்ளுகிற விரல். சில வாரத்தில் சரியாகலாம் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியிலும் கார்டைப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த டோஸுக்கே இப்படிக் குறைந்திருக்கிறது என்று எழுதி, எல்லா மாத்திரையையும் நிறுத்தி, 17ஆம் தேதி வியாழக்கிழமை கிளினிக்கில் காட்டி முடிவு செய்யச் சொன்னார்கள். என் டிக்கை இன்னொரு டாக்டரும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியரிடம் தனியாகப் போனேன். நடந்ததைச் சொன்னேன், அவர் முகம் வெளுத்தது.

“மாத்திரை இல்லேன்னு நீதானம்மா தலையாட்டுன?”

ஆமாம் என்றேன். ஐந்தாம் நம்பரை நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அது பொடி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு என்றார். அப்படி நீங்கள் சொல்லவில்லை என்றேன். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் கதவைப் பார்த்தார். “அந்தத் தாள மட்டும் கிழிச்சிரும்மா” என்றார், தாழ்ந்த குரலில். நான் கிழிக்கவில்லை. கிழித்தால் எனக்கும் நல்லதுதான் என்று திரும்பி வரும்போது நினைத்தேன்.

இந்த மூன்று நாளில் லயத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பெரியம்மா தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், டோஸைக் கூட்டினார்கள், சாய்ந்துவிட்டேன் என்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. இங்கிலீஷ் மாத்திரை ஆளைக் கொல்லும், பொடிதான் காப்பாற்றியது என்று பேச்சு. முதல் வீடு வரைக்கும் பொடி வந்துவிட்டது. பின்சி சேச்சி திங்கட்கிழமை வந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, “நீ கரெக்டா டிக் இட்டதுகொண்டல்லே நான் ஒப்பு இட்டது, பூமாரி?” என்றாள். கண் கலங்கியிருந்தது. மேலதிகாரிகள் கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நேற்று அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். “இந்தக் கையில வச்சுத்தான் குடுத்தேன்” என்றார். அதற்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னார். பெரியம்மா உள்ளே படுத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று வகுப்புக்குப் போகக் கிளம்பும்போது மேல்வரிசை பாண்டித்துரை அண்ணன் வந்தார். பிரஷர்காரர், தலை சுற்றி இரண்டு தடவை ஸ்டோர் படியில் விழுந்தவர். மாத்திரையை வாய்க்காலில் கொட்டிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

“வேலுத்தாய்க்குப் போட்டுக் குடுத்தியாமே. நமக்கும் அப்பிடியே ரெண்டு கலர்ல போட்டுருத்தா. பின்சி வந்து தொணதொணன்னு நிக்காம இருக்கும்.”

பெரியம்மாவே சொல்லியிருக்கிறாள். ரகசியமாகக்கூட இல்லை, ஒரு வசதியாகச் சொல்லியிருக்கிறாள். என் கை நீண்டு கார்டை வாங்கிவிட்டது. அவர், “நல்லாப் படி தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்புக்குப் போகவில்லை. கார்டோடு ஒன்பதாம் வீட்டுக்குப் போனேன். மழை பிடித்திருந்தது, தகரத்தில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி. பெரியப்பா கப்பைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். மிளகாயும் உப்பும் அம்மியில் இருந்தது. பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணத்துக் கொண்டைக்கடலையை வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட முயன்றுகொண்டு இருந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சி. பாதி கீழே விழுந்தது.

“பெரியப்பா, உங்க கை இல்ல” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “ஏய், பரீட்சைக்காரி, கிளாசுக்கு நேரமாகல?” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

ஆணியிலிருந்து கார்டை எடுத்தேன். அடுப்பு வெளிச்சத்தில் அவர் முன்னால் வைத்தேன். பெரியம்மா இரண்டரை மாதமாக மாத்திரை போடவில்லை, நான்தான் போட்டதாக டிக் போட்டேன், அதைப் பார்த்துத்தான் டாக்டர் டோஸைக் கூட்டினார் என்று சொன்னேன். சாயாவைத் தடுத்து நிறுத்தியது நான் என்றும் சொன்னேன். மழைச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெரியப்பா கார்டைக் கையில் எடுத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

“எது வரைக்கும் பொய்யி?”

ஜூலை 22இல் விரலை வைத்தேன். அங்கிருந்து வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு வந்து அக்டோபர் 6இல் நிறுத்தினேன். எழுபத்தேழு நாள், நூற்று ஐம்பத்து நான்கு கட்டம். விரல் வந்து சேர வெகு நேரமானது போல இருந்தது.

“காலையில சாமியக் கும்புட்டுட்டு இதப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்” என்றார். “நெறஞ்சு இருக்கும். நிம்மதியாப் போவேன்.”

பெரியம்மா கிண்ணத்தைத் தள்ளினாள். “ஆமா, எல்லாஞ் சேந்து என்னையக் குத்தஞ் சொல்லுங்க. வயித்தப் பிடிச்சுக்கிட்டு தட்டைக்குள்ள ஓடுனது நான். ஹோசப் பிடிச்சுக்கிட்டு மேல நின்னுக்கிட்டு ‘யாரு அங்க’ன்னு கத்துனது யாரு? நீங்கதான? நான்னு சொல்ல முடியாம அங்கனயே குத்த வச்சு இருந்தேன். டாக்டருட்ட இவ சொன்னா, போகப் போகச் சரியாயிருமாம். எங்குட்டுப் போக?”

பெரியப்பா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“டாக்டரு அப்பிடிச் சொல்லல பெரியம்மா” என்றேன். “நான் அவருட்டச் சொல்லவே இல்ல. வெக்கமா இருந்துச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கடலையை இடது கையால் பொறுக்க ஆரம்பித்தாள்.

“அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடி அந்தாளுட்டப் போறேன்” என்றாள், கடைசியில். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

கிழங்கு வெந்து அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. பெரியப்பா இறக்கி வைத்து நீரை வடித்தார். மூன்று தட்டு எடுத்தார். ஒரு தட்டைப் பெரியம்மாவின் வலது கைப் பக்கம் வைத்தார். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் பார்ப்பது இன்றுதான்.

“எனக்கு மலையாளம் வராது. இவளுக்கும் வராது” என்றார். “நாளைக்கு டாக்டருட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன். இந்தத் தடவ நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கிழங்கைத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

நாளைய வேலை: ஏழே காலுக்கு ஜீப். அதற்கு முன்னால் பாண்டித்துரை அண்ணனின் கார்டை, கட்டங்களைத் தொடாமல், அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் கார்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில், பொடிப் பொட்டலம், ஐந்தாம் நம்பர் உள்ள நோட்டு ஆகியவற்றைப் பையில் வைக்க வேண்டும். ஒரு பொட்டலம் சீனியும். சப்-சென்டர் வாசலிலேயே பின்சி சேச்சியிடம் சொல்லிவிட வேண்டும், அவள் மற்றவர் வாயால் கேட்பதற்கு முன்னால். பிறகு டாக்டரிடம் ஜூலை 22 முதல் அக்டோபர் 6 வரை. அதற்கும் முன்னால், பெஞ்சில் யார் இருந்தாலும், ஜூனில் சொல்லாமல் விட்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: வயறிளக்கம்.